புன்னைத்தாங்கலின் கடைசிக் கொசுக்கள்

புன்னைத்தாங்கல் ஏரிச் சரணாலயத்தின் வாசலில் சுகிர்தா காரைவிட்டு இறங்கியதுமே ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குழந்தை. அதன் வெறுங்கால்களில் ஒரு தடிப்புகூட இல்லை.

"நீங்கதானே அந்தக் கொசு டாக்டரம்மா? டிவியில பாத்திருக்கேன். எங்க அக்கா பையன் மூளைக்காய்ச்சல்ல போனான். இவளுக்கு அதெல்லாம் என்னன்னே தெரியாது. தலையில கை வெச்சு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

சுகிர்தா கையை வைத்தாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். போகிற இடமெல்லாம் இது நடந்துகொண்டுதான் இருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது. இன்றைக்கு இந்த ஏரிக்கரையில், எட்வின் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவன் சைக்கிள் கொட்டகை ஓரமாக இரண்டு சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தாடி நரைத்திருந்தது. டிக்கெட் கொடுக்கும் அம்சவேணி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சார், மேடத்துக்கு டிக்கெட் வேணாம். அவங்க பேரைச் சொல்லித்தான் நாங்க இங்க பொழைக்கிறோம்" என்றாள். கூண்டின் வாசற்படியில் அவள் மகள் தன்ஷிகா உட்கார்ந்து கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவும் பெண்ணும் சரணாலயத்துக்குள்ளேயே, ஊழியர் குடியிருப்பில் இருந்தார்கள்.

"வா. வெயில் ஏறறதுக்குள்ள ஒரு சுத்து போயிடலாம்" என்றான் எட்வின்.

இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள். கல்யாணமான பிறகு அவள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். அவன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஜெனியைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து இந்த ஏரிக்குக் கூட்டி வருவான். ஒரு ஐப்பசி மழையில் ஜெனிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். அந்த வாரம் முடியவில்லை, பிள்ளை போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுகிர்தா புருஷனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "உன் ஏரிதான் அவளைக் கொன்னுச்சு." அதன் பிறகு அவர்கள் ஒரு வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டு இந்த ஏரிக்கே வழிகாட்டியாக வந்து சேர்ந்தான். அவள் தன் ஆத்திரத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்தாள்.

அவள் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொசுவின் மரபணுவில் ஒரு மாற்றம். அதைச் சுமக்கும் கொசுவின் பெண்மக்கள் மலடாகப் பிறக்கும். ஆண்மக்கள் அந்த மாற்றத்தைத் தப்பாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். மலட்டு விதை என்று செய்தித்தாள்கள் பேர் வைத்தன. மாற்றிய கொசுக்களின் முதல் கூண்டை எங்கே திறப்பது என்று கேட்டபோது அவள் யோசிக்காமல் புன்னைத்தாங்கல் என்றாள். சில வருஷங்களில் நாட்டில் கொசு என்பதே இல்லாமல் போனது. கொசுவத்தி, வலை, டெங்கு, மலேரியா எல்லாம் பழைய சொற்களாகிவிட்டன. எங்கேயாவது ஒரு கொசுவைப் பார்த்தால் உடனே அரசுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் மருந்து வண்டிகள் வந்து அந்த வட்டாரத்தையே துடைத்துவிடும் என்று சட்டமும் வந்தது.

கரைமேல் சைக்கிள் பாதை வழுவழுவென்று போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே உடம்பெல்லாம் மூடிக்கொண்டு வருவார்கள். இப்போது அரை டிராயரும் கையில்லாத சட்டையுமாகக் குடும்பம் குடும்பமாக மிதித்துக்கொண்டு போனார்கள். நீர் ஓரத்தில் பாயை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கப்போட்டிருந்தார்கள். தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பு மரங்கள் நின்றன. மாசி மாதத்தில் அந்த மரங்களில் கிளை தெரியாமல் கூடுகள் இருக்கும்; எச்சத்தில் இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். இப்போது இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தன. சுகிர்தா மிதிப்பதை நிறுத்திக் காலை ஊன்றினாள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"நத்தைகுத்தி நாரை கொஞ்சம் வந்துச்சு. அதுக்கு நத்தை இருக்கு, பொழைச்சுக்கும். கூழைக்கடா ஒரு வாரம் இருந்து பாத்துட்டுப் போயிடுச்சு. மீன் இல்லை."

"மீன் எப்படி இல்லாம போகும்?"

"உனக்குத் தெரியாதா, சுகி? நான் எழுதினேனே."

அவளுக்குத் தெரியும். அவன் எழுதியதையெல்லாம் படித்திருந்தாள், பதில்தான் போடவில்லை. சாயங்காலத்தில் விளக்கைச் சுற்றிப் புகைபோலத் திரளுமே, கடிக்காத ஒரு பூச்சி, பார்த்தால் கொசு மாதிரியே இருக்கும். அதன் புழு ஏரிச் சேற்றில் சிவப்பாக நெளியும். மீன்குஞ்சும் வாத்துக்குஞ்சும் உள்ளான் குருவிகளும் அதைத் தின்றுதான் வளரும். கொசுவுக்குப் போட்ட மலட்டு விதை எப்படியோ அந்தப் பூச்சிக்கும் தாவிவிட்டது. எப்படி என்று அவளுடைய கூடத்தில் யாருக்கும் இன்றுவரை புரியவில்லை. புரிந்துகொள்ள யாரும் அவசரப்படவும் இல்லை.

"பூச்சியை மட்டும் திருப்பித் தர முடியாதா?" என்று கேட்டான் எட்வின். கெஞ்சுகிற குரல் இல்லை. மணி கேட்பதுபோலக் கேட்டான்.

"ரெண்டுலயும் ஒரே பூட்டு எட்வின். பூச்சிக்குன்னு ஒரு சாவி செஞ்சு விட்டா, அது கொசுவையும் திறந்துடும். ரெண்டும் வேணும், இல்லைன்னா ரெண்டும் வேணாம். நடுவுல ஒண்ணு இருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

"செஞ்சிருப்பியா?"

அவள் சைக்கிளை மிதித்தாள்.

மதகைத் தாண்டியதும் பாதை முடிந்தது. அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மரத்தில் சாத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். கோரை இடுப்பளவு வளர்ந்திருந்தது. சேற்றில் செருப்பு புதைந்தது. அவள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எட்வின் முன்னால் போய்க் கோரையை விலக்கிப் பிடித்தான்.

"எங்க கூட்டிட்டுப் போறே?"

"இதுக்குத்தான் உன்னை வரச்சொன்னேன்."

கோரைக்கு நடுவே ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. எப்போதோ மீன்குஞ்சு வளர்க்கக் கட்டி, கைவிட்டது. மதகின் கசிவு அதில் வந்து நிறைந்து, வழிந்து, சுற்றிலும் சேறாகியிருந்தது. தொட்டிக்கு மேலே காற்று ஏதோ கலங்கியதுபோல் தெரிந்தது. சுகிர்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பூச்சிக்கூட்டம். புகைபோல எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. அதற்குள் தகைவிலான் குருவிகள் வளைந்து வளைந்து பாய்ந்தன. சேற்றில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே ஓடியது. அதன் பின்னால் பஞ்சு உருண்டைகள்போல் குஞ்சுகள். ஒவ்வொன்றும் குனிந்து குனிந்து எதையோ கொத்தியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை வருஷம் கழித்து ஒரு பறவை தன் குஞ்சுக்கு இரை காட்டுவதைப் பார்க்கிறாள்.

அப்போது முன்கையில் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தாள். கருப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையங்கள். எந்தப் படத்தை ராத்திரி பகலாகப் பார்த்து வெறுத்தாளோ அதே உருவம். அவளுடைய மறுகை தானாக உயர்ந்தது. எட்வின் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. உயர்ந்த கை அந்தரத்திலேயே நின்றது. கொசு வயிறு சிவக்கக் குடித்துவிட்டு, கனத்துப்போய் மெதுவாகப் பறந்தது.

"எத்தனை நாளா இது இங்க இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்கும். உன் விதைக்கு மசியாத ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கு. கொசுவும் சரி, பூச்சியும் சரி. இங்க யாரும் வர்றதில்ல. குடிக்க ரத்தம் வேணுமில்ல, நானே தினம் வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன்." சட்டைக்கையை மடித்துக் காட்டினான். முழங்கைவரை புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது.

"உனக்குப் பைத்தியமா? அவளைக் கொன்னது இதுதான் எட்வின்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மருந்து வண்டி வந்துடும். அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் காட்டறேன். வேற யார்கிட்ட போய்ச் சொல்வேன்? எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தா, ஒருநாள் நான் செத்துப்போனா இதுவும் போயிடும்."

சுகிர்தா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கை அரித்தது. அந்த அரிப்பையே மறந்துபோயிருந்தாள். ஜெனியின் காலில் விரல் நகத்தால் கூட்டல் குறி போட்டு, "இப்ப அரிக்காது பாரு" என்று சொல்வது நினைவுக்கு வந்தது. வெகுநேரம் அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், தொடவில்லை.

எழுந்தபோது கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, தொட்டித் தண்ணீரைப் புழுக்களோடு மொண்டுகொண்டாள். "இதுல நோய்க்கிருமி இருக்கான்னு பாக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பார்த்தாள். சென்னையில் தன் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் போன பிறகு, உதவிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளாமல், தானே பார்த்தாள். கிருமி இல்லை. இருக்கவும் வழியில்லை, நோயுள்ள மனிதனைக் கடித்தால்தானே கொசுவுக்கு நோய் வரும். நோயே நாட்டில் இல்லை. புன்னைத்தாங்கலில் இருந்தது வெறும் கொசு. அன்றைக்கே எட்வினைக் கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். கூடத்தின் போன்களில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்ற பயம். சொந்தப் போனிலும் பயம்தான். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போவோமே, கரையில் உட்கார்ந்து பேசுவோமே என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், அப்படிப் போவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எட்வின் கூப்பிட்டான்.

"தன்ஷிகாவுக்குக் காய்ச்சல். மூணு நாளா இறங்கலை. உடம்பெல்லாம் சிவப்பா பொரிஞ்சிருக்கு. பிளேட்லெட் குறையுதுங்கறாங்க." குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பையன். டெங்குவைப் பாத்ததே இல்ல. அதைச் சோதிக்க அங்க ஒண்ணும் இல்லையாம். ரத்தம் கொஞ்சம் வாங்கி, இங்கேர்ந்து சென்னைக்கு வர்றவர்கிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். நீயே பாரு. வேற யார் கையிலயும் குடுத்துடாதே."

"எட்வின், பதறாதே. அந்தக் கொசுவுல—"

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. எழுதி அனுப்பினால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்தாள்.

ரத்தம் மதியம் வந்தது. சுகிர்தா சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தாள். டெங்கு இல்லை. குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருகிற வைரஸ் காய்ச்சல். நாலு நாள் படுத்தும், பொரியும், தானாகப் போய்விடும். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் பார்த்தாள். அதேதான். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல் இருந்தது.

போனை எடுப்பதற்குள் அவனே கூப்பிட்டான்.

"முடிச்சுட்டேன் சுகி."

"எதை?"

"தொட்டியை. மண்ணெண்ணெய் ஊத்திக் கோரையைக் கொளுத்திட்டேன். காத்து வீசிச்சு, மளமளன்னு பிடிச்சுக்கிச்சு. அந்த ஆள்காட்டி சுத்திச் சுத்திக் கத்திட்டே இருந்துச்சு. குஞ்சுங்க வெளிய வரலை." மூச்சு வாங்கினான். "பரவாயில்ல. அம்சவேணி ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தா. நீ உக்காந்திருந்த மாதிரியே. அதைப் பாத்தப்புறம் எனக்கு வேற ஒண்ணும் தோணலை. நீ சொல்லு, அதுதானே? டெங்குதானே?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன், கையெல்லாம் கரியோடு, தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றையும் எரித்துவிட்டு நிற்கிறான். வீணாகத்தான் எரித்தாய் என்று எப்படிச் சொல்வது? ஒருமுறை அவனிடம் சொல்லக்கூடாததைச் சொல்லி, அவன் வாழ்க்கையையே அந்த வார்த்தைக்குக் கீழே புதைத்தவள் அவள். இன்னொரு முறை முடியாது.

"ஆமா எட்வின். டெங்குதான். நீ செஞ்சது சரி. குழந்தை பொழைச்சுக்கும், பயப்படாதே" என்றாள்.

அந்தப் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அப்ப நான் வளர்த்த கொசுதான் அவளைக் கடிச்சிருக்கு" என்றான் எட்வின், மெதுவாக. "ரத்தம் குடுத்து வளர்த்தேன்."

"அப்படி இல்ல, கேளு—"

"ஜெனிக்கு ஆனது தெரிஞ்சும், இன்னொருத்தி பிள்ளைக்கு அதையே செஞ்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டுகிற நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அம்சவேணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதிகாரிங்ககிட்டயும்."

மறுநாள் விடிந்ததும் சுகிர்தா காரை எடுத்துக்கொண்டு போனாள். புன்னைத்தாங்கல் வாசலில் மருந்து வண்டிகள் வரிசையாக நின்றன. சுற்றுலா வந்தவர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். கோரைப் பக்கம் எரிந்த வாடை இன்னும் இருந்தது. அம்சவேணி பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் தூக்கி வந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது, பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து பிஸ்கெட் கடித்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா நேராக அவளிடம் போனாள். "அம்சவேணி, உன் பொண்ணுக்கு வந்தது டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல். அந்தக் கொசுவுல கிருமியே கிடையாது, நானே பாத்தேன். நேத்து நான் எட்வின்கிட்ட சொன்னது பொய்."

அம்சவேணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, அசதியாக இருந்தாள்.

"புருஷனைக் காப்பாத்தணும்னு இருக்கும் மேடம், எனக்குப் புரியுது. எம்பொண்ணு பொழைச்சுட்டா. அவர்மேல நான் போலீசுக்குப் போகமாட்டேன். அதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்றேன். ரிப்போர்ட் தரேன். உங்க டாக்டர்கிட்ட காட்டு."

"அதை எழுதறதும் நீங்கதானே மேடம்" என்று சொல்லிவிட்டு அம்சவேணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்வின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பையோடு நின்றிருந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் சற்றுத் தள்ளி நின்றார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை, அவன் எப்போது கிளம்புவான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எட்வின், உன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கொசுவைச் சோதித்தது, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது, ரத்தத்தில் ஒன்றும் இல்லாதது, போனில் அவன் குரலைக் கேட்டதும் மனசு கேட்காமல் டெங்கு என்று சொன்னது. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். குழந்தை சொல்வதைப் பெரியவர்கள் கேட்பதுபோலக் கேட்டான்.

"விடு சுகி" என்றான்.

"நம்ப மாட்டியா?"

"ஜெனி போனன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ என்கிட்ட ஒண்ணு சொன்ன. அது உண்மை. நேத்து போன்ல சொன்னியே, அதுவும் உண்மை. எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் ரெண்டையும் சொன்ன. நீ எப்பவும் அப்படித்தான்." லேசாகச் சிரித்தான். "இன்னிக்குத்தான், முதல் தடவையா, என்மேல இரக்கப்பட்டுப் பொய் சொல்றே. அதுவே போதும் எனக்கு."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, இல்லை என்றாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பூப்போல எடுத்துவிட்டான். மதுராந்தகம் போகிற பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஏரிக்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தான். பஸ் போய்விட்டது.

மருந்து வண்டிகள் கரையை ஒரு சுற்று சுற்றி வந்தன. வெள்ளைப் புகை நீர்க்கடம்பு மரங்களுக்கு நடுவே படர்ந்து, தண்ணீர்மேல் வெகுநேரம் நின்றது. மூன்று மணி வாக்கில் எல்லாம் சுத்தம் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள். காத்துக்கொண்டிருந்த கூட்டம் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக உள்ளே போனது. சுகிர்தாவை அடையாளம் கண்ட ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.